மாவு அரைத்து விற்பவருக்கு அரசு மானியம்: எங்கே கேட்பது, எப்படி வாங்குவது?

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வீட்டம்மாவும் பத்து வருடமாக இட்லி, தோசை மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்கும் இரண்டு மூன்று ஓட்டல்களுக்கும் போடுகிறீர்கள். டில்டிங் கிரைண்டர், பாக்கெட் ஒட்டும் மெஷின், குளிர்ப்பெட்டி என்று 6 லட்சம் ரூபாய்க்குச் சாமான் வேண்டும். மாநில அரசு ஏதாவது செய்யுமா, எந்தத் திட்டத்தில் போவது, "15,000 கொடுங்கள், மானியம் வாங்கித் தருகிறேன்" என்று வருகிற ஏஜென்டை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

வங்கியில் கடன் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உதவி இருக்கிறது. அதில் உங்களுக்கு நியாயமான இடமும் இருக்கிறது. ஏஜென்ட் தேவையே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குறுந்தொழிலுக்கான மானியத் திட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே வங்கிக் கடனோடு கட்டப்பட்டவை. வங்கி கடன் கொடுத்தால் மானியம் வரும். வங்கி கையை விரித்துவிட்டால், மாவட்டத் தொழில் மையத்தின் பரிந்துரை கையில் இருந்தும் பிரயோசனமில்லை. மானியம் எவ்வளவு சதவீதம் என்று அலைகிற நேரத்தில் பாதியை, கிளை மேலாளர் எதைப் பார்த்துத் தலையாட்டுவார் என்று யோசிப்பதில் செலவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் அரசின் உதவி என்றால் ஷெட் கட்டி வாடகைக்குக் கொடுப்பது. 1958-ல் வந்த கிண்டி தொழிற்பேட்டை அப்படித்தான். 1970-ல் தொடங்கிய, சிறுதொழிலுக்கான மாநில அரசு நிறுவனமான சிட்கோ அந்த வேலையைத்தான் மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனது. மாவட்டத் தொழில் மையங்கள் 1978-க்குப் பிறகு வந்தவை. இன்று சிட்கோ பேட்டையில் மனை வாங்குகிற நிலையில் இருப்பவர் உங்கள் அளவுத் தொழில்காரர் இல்லை. வீட்டுத் திண்ணையில் தொழில் செய்பவருக்கு எட்டுகிற கதவு வங்கி வழியாகத்தான் திறக்கிறது. நல்லதா கெட்டதா என்றால், பாதிக்குப் பாதி. கடன் என்பதால் வாங்குபவர் கொஞ்சம் பொறுப்பாக இருக்கிறார். அதே காரணத்தால், உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாதவர் வாசலிலேயே நின்றுபோகிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எந்தத் திட்டம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் செய்யும் தொழில் மட்டும் இல்லை. தொழில் புதியதா, ஏற்கெனவே நடப்பதா? யார் பெயரில் விண்ணப்பம்? வயது, சமூகம், ஊர், எல்லாம் கணக்கில் வரும். உங்கள் கேள்வியில் முக்கியமான சொல் "பத்து வருடமாக" என்பது. ஏஜென்ட் உங்களிடம் சொன்ன திட்டம் அனேகமாக யூஒய்ஈஜிபி, அதாவது வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாக இருக்கும். அது மாநில அரசின் சொந்தத் திட்டம், 2010-11-ல் வந்தது. உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரை திட்ட மதிப்பு. 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், குடும்ப வருமானத்துக்கும் வயதுக்கும் வரம்பு உண்டு. பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பில் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம் போதும். நல்ல திட்டம்தான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. மத்திய அரசின் பிஎம்இஜிபி என்கிற வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் அப்படியே: புதிய தொழில் வேண்டும்.

"நடக்கிற தொழிலைக் காட்ட வேண்டாம், புதுசு என்று போட்டுவிடலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். இதைக் கேட்காதீர்கள். உங்கள் ஓட்டல் பில், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிபே கணக்கு எல்லாமே பழைய தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும். நேரில் பார்க்க வருகிற அதிகாரி பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பொய் பிடிபட்டால் மானியம் திரும்பப் போகும், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும். இன்னொன்று: பத்து வருடம் தொழில் நடத்தியிருப்பதுதான் வங்கியிடம் உங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய பலம். அதை மறைத்துவிட்டு எதைக் காட்டிக் கடன் கேட்பீர்கள்?

உங்களுக்குச் சரியாகப் பொருந்துவது பிஎம்எஃப்எம்இ என்கிற குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம். பெயர் பிரதமர் பெயரில் இருந்தாலும் மானியத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு தமிழக அரசு. 2020-ல் வந்தது. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் கொடுப்பார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். தொடக்கத்தில் ஒரு மாவட்டம் ஒரு பொருள் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது தளர்ந்து, மற்ற உணவுப் பொருட்களுக்கும் கொடுக்கிறார்கள். மாவு அரைக்கும் தொழிலுக்குப் பலர் வாங்கியிருக்கிறார்கள். இது காலவரையறை உள்ள திட்டம் என்பதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெஷின், குளிர்ப்பெட்டி எல்லாம் 6 லட்சம். உங்கள் பங்கு 60,000. வங்கிக் கடன் 5,40,000. மானியம் 2,10,000. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மானியம் 2,10,000 என்றதும் கடன் 3,30,000-தானே என்று நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. கடன் முழுதாக 5,40,000-க்குத்தான் போடுவார்கள். மானியத் தொகை அரசிடமிருந்து வங்கிக்கு வந்து, உங்கள் கடனுக்கு இணையான ஒரு தனிக் கணக்கில் மூன்று வருடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். மூன்று வருடமும் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் அதை எடுத்துக் கடனில் கழிப்பார்கள். இடையில் கணக்கு வாராக்கடனாகிவிட்டால் மானியம் போச்சு. பிஎம்இஜிபி திட்டத்திலும் இதே மூன்று வருடப் பூட்டு உண்டு; அதில் ஒரு சௌகரியம், வைப்பில் இருக்கும் மானியத்துக்கு ஈடான கடன் பகுதிக்கு வட்டி போடக் கூடாது. உங்கள் கணக்கில் மானியம் வந்து சேரும் நாளிலிருந்து வட்டியை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கிளையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை மானியம் வந்ததே கடன்தாரருக்குத் தெரியாமல் முழுத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்த கணக்குகள் உண்டு. கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, கிளையில் ஆள் மாறியிருப்பார்கள், புதியவர் பார்த்திருக்க மாட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயம். பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'மாவட்ட வள நபர்' என்று ஆட்களை நியமித்திருக்கிறார்கள். திட்ட அறிக்கை தயாரித்து, ஆன்லைனில் ஏற்றி, வங்கியோடு பேசி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் என்கிற குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு வரை உடன் நின்று முடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. கடன் ஒப்புதலானால் அவர்களுக்கான தொகையை அரசே கொடுக்கிறது. நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். யார் யார் என்று மாவட்டத் தொழில் மையத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஏஜென்ட் கேட்கிற 15,000-க்கு அரிசியும் உளுந்தும் வாங்கிப் போடுங்கள்.

ஏஜென்டின் இன்னொரு கைவேலையையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் விற்பவரோடு பேசி, 6 லட்சம் சாமானுக்கு 9 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்குவார்கள். வங்கி பணத்தை நேரடியாக விற்பவர் கணக்குக்குத்தான் அனுப்பும். விற்பவர் மீதியைப் பணமாகத் திருப்பித் தருவார். உங்களுக்குக் கைப்பணம் போட்ட கஷ்டம் தெரியாது, ஏஜென்டுக்குக் கமிஷன், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் வராத மெஷினுக்கு ஐந்து வருடம் வட்டி கட்டப்போவது நீங்கள். கூட்டு ஆய்வுக்கு வரும்போது மெஷினின் தட்டில் இருக்கிற எண்ணையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குதிரைத்திறன் ஐந்து என்று பில்லில் இருக்கும், மெஷினில் மூன்று இருக்கும். அங்கே மாட்டியவர்கள் பலர்.

விண்ணப்பத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முதலாவது உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரை மணி நேர வேலை, கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தளங்கள் வந்து பணம் கேட்கும். அரசுத் தளம் பணமே கேட்காது என்பதுதான் அடையாளம். பான், ஜிஎஸ்டி எதுவும் இல்லாத சின்னத் தொழில்களுக்கு உத்யம் அசிஸ்ட் என்று தனித் தளம் 2023-ல் வந்திருக்கிறது, வங்கி மூலமாகவே பதிவு செய்துகொள்ளலாம். பதியும்போது தொழில் தொடங்கிய தேதி கேட்பார்கள். உண்மைத் தேதியைப் போடுங்கள். தொழில் வகை கேட்குமிடத்தில் 'உற்பத்தி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; அவசரத்தில் 'வணிகம்' என்று போட்டுவிட்டால் பின்னால் பல கதவுகள் மூடிக்கொள்ளும். வாங்கி விற்பவருக்கு முன்னுரிமைக் கடன் தவிர குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் வேறு சலுகை ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. சிறு தொழிலுக்கான பதிவுக் கட்டணம் வருடத்துக்கு நூறு ரூபாய்தான். மூன்றாவது, மின் இணைப்பு. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, சரக்கு விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை உள்ளூரில் விற்கிற உங்களுக்குக் கட்டாயமில்லை. மெஷின் விற்பவருடைய கொட்டேஷனில் மட்டும் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கி ஏற்காது.

இப்போது வங்கி. கிளை மேலாளர் உங்கள் காகிதத்தைக் கையில் வாங்கியதும் பார்ப்பது திட்ட அறிக்கையின் அட்டையை இல்லை. சிபில் ஸ்கோரைத்தான். பழைய டூவீலர் கடன், மனைவியின் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், எதிலாவது தவணை தவறியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பிப்பதற்கு முன்னால் உங்கள் ஸ்கோரை நீங்களே ஒரு முறை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. முடித்ததற்கான கடிதத்தைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

அடுத்து, விற்பனைக்கு ஆதாரம். "மாதம் லட்ச ரூபாய்க்கு மாவு போடுகிறேன் சார்" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. கடைக்காரர்கள் கொடுக்கிற பணம் கையில் வாங்கிக் கையில் செலவானால் வங்கிக்கு நீங்கள் இல்லாத மனிதர். இன்று முதலே வசூலை ஒரே கணக்கில் போடுங்கள், முடிந்தவரை க்யூஆர் கோடில் வாங்குங்கள். எந்தக் கிளையில் கடன் கேட்கப் போகிறீர்களோ அந்தக் கிளையில் அந்தக் கணக்கு இருப்பது இன்னும் நல்லது. ஆறேழு மாத வரவு கண்ணுக்குத் தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும். கடைகளுக்குப் போடுகிற நோட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அழுக்கேறிய, பென்சிலில் எழுதிய நோட்டு, அச்சடித்த திட்ட அறிக்கையைவிட அதிகமாகப் பேசும். நான் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜாமீன் கேட்டால்? குறு, சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனுக்குச் சிஜிடிஎம்எஸ்இ என்கிற கடன் உத்தரவாத நிதியம் பொறுப்பேற்கும். தமிழக அரசு அந்த நிதியத்தோடு சேர்ந்து 2022-ல் தன் பங்குக்கும் ஒரு கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய நிதியம் ஏற்கிற பங்குக்கு மேல் மாநிலம் கொஞ்சம் ஏற்றுக்கொள்வதால் வங்கியின் பயம் இன்னும் குறைய வேண்டும். குறைய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். "வீட்டுப் பத்திரம் கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்கிற மேலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். சண்டை போடாதீர்கள். "உத்தரவாத நிதியத்தின் கீழ் பாருங்கள் சார், கட்டணத்தை நான் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுக்கப் பலர் தயங்குவார்கள்; தயக்கத்தில் மறுபரிசீலனை நடப்பதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள்.

இன்னொரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "மானியம் கினியம் எல்லாம் தாமதமாகும், முத்ராவில் இப்பவே தருகிறேன்" என்று மேலாளர் சொல்லக்கூடும். முத்ரா என்பது சிறு தொழிலுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். நல்ல கடன்தான், ஆனால் அதில் மானியம் கிடையாது. கடன் கைக்கு வந்து மெஷினும் வாங்கிவிட்ட பிறகு, "இதை மானியத் திட்டத்தில் சேருங்கள்" என்றால் முடியாது. விண்ணப்பம், ஒப்புதல், அதற்குப் பிறகுதான் மெஷின். ஆடித் தள்ளுபடியில் கிரைண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

உங்கள் வீட்டம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாரா? எழுதவில்லை, ஆனால் இருப்பார் என்று நினைக்கிறேன். அதே பிஎம்எஃப்எம்இ திட்டத்தில், உணவுத் தொழில் செய்கிற குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. நடைமுறை மூலதனத்துக்கும் சின்னச் சின்னக் கருவிகளுக்கும் பயன்படுத்தலாம். குழுவின் கூட்டமைப்பு வழியாக வரும், திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். ஆனாலும் அரிசி, உளுந்துக் கொள்முதலுக்கு அந்த அளவு பணம் கையில் சுழல்வது பெரிய விஷயம். 35 சதவீத மானியத்தில் நடைமுறை மூலதனம் கணக்கில் வராது என்பதால் இந்த ஓட்டையை இது கொஞ்சம் அடைக்கும். ஒன்றியத்தில் இருக்கிற மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் வேறு தொழில் செய்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் மற்ற கதவுகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 2023-ல் வந்தது. 35 சதவீதம் முதலீட்டு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, அதோடு வட்டியில் 6 சதவீதம் மானியம். படிப்புத் தகுதி கேட்பதில்லை, 55 வயது வரை. புதுத் தொழிலுக்கும் உண்டு, நடக்கிற தொழிலை விரிவாக்கவும் உண்டு. மற்ற திட்டங்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: மானியம் முன்னாலேயே வருகிறது. 35 பங்கு மானியம், 65 பங்கு கடன் என்று அமைத்திருப்பதால் கைப்பணம் என்ற முதல் தடையே இல்லை. மாநிலத் திட்டங்களில் யோசித்துச் செய்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பூட்டிவைத்த மானியம் வங்கிக்குத் தெம்பு. முன்னால் வருகிற மானியம் தொழில்காரருக்குத் தெம்பு.

கைவினைத் தொழில் என்றால் கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கி வைத்தார்கள். மண்பாண்டம், மரவேலை, தையல், பூத்தொடுத்தல், சிகை அலங்காரம், சலவை என்று 25 வகைத் தொழில்கள். 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை மானியம், வட்டியில் 5 சதவீதம் தள்ளுபடி. குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். இது வந்த கதை தெரிந்ததுதான். 2023 செப்டம்பரில் மத்திய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தை 18 தொழில்களுக்குக் கொண்டுவந்தது. குடும்பத் தொழிலையே செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குலத்தொழிலை நீட்டிப்பது போல இருக்கிறது என்று தமிழக அரசு அதை ஏற்கவில்லை. மாற்றாக இதைக் கொண்டுவந்தது. 35 வயது வரம்பும் அதனால்தான்: படிக்க வேண்டிய பிள்ளைகள் தொழிலுக்குள் இழுபடக் கூடாது. அரசியலை விட்டுப் பார்த்தாலும், யார் வேண்டுமானாலும் எந்தக் கைத்தொழிலையும் செய்யலாம் என்பது சரியான நிலைப்பாடு என்றே எனக்குப் படுகிறது. அதே சமயம் விஸ்வகர்மாவில் பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், கருவி வாங்க 15,000 ரூபாயும், கடனுக்குப் போகாமலேயே கைக்கு வரும். கடனே வேண்டாம் என்று நினைக்கிற ஒரு பூக்காரம்மாவுக்கு அதுதான் பெரிய உதவி.

தள்ளுவண்டிக்காரர் என்றால் நகராட்சியில் சாலையோர வியாபாரி அடையாள அட்டை வாங்கிக்கொண்டு ஸ்வநிதி கடனைக் கேட்க வேண்டும். அது மத்திய அரசுத் திட்டம், ஆனால் கதவு உள்ளாட்சி அலுவலகத்தில். பெரிதாகச் செய்ய நினைக்கிற முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டம், 5 கோடி வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கு டாம்கோ ஆகிய அரசுக் கழகங்களின் குறைந்த வட்டிக் கடன்கள் கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கிடைக்கும். இவற்றில் வட்டிதான் சலுகை.

இப்போது மின்சாரம். மானியத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் மின் கட்டணத்தைப் பற்றிக் கேட்பவர் ஒருவர்தான். ஆனால் மானியம் ஒரு தடவை, மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டு இணைப்பிலேயே பெரிய கிரைண்டரைப் போட்டுத் தொழில் செய்தால் பறக்கும் படை வந்தால் அபராதம். கடை என்று தனி இணைப்பு கேட்டால் வணிகக் கட்டணத்தில் போட்டுவிடுவார்கள், அது கையைக் கடிக்கும். நீங்கள் கேட்க வேண்டியது குடிசை மற்றும் குறுந்தொழிலுக்கான மூன்று ஏ ஒன்று வகை. 12 கிலோவாட் வரை இணைப்புப் பளு உள்ளவர்களுக்கான வகை அது. உத்யம் சான்றையும் உற்பத்தி நடப்பதையும் காட்டிக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது நிலைக் கட்டணம் தாங்காமல் கோவையில் லேத் பட்டறைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் மாநிலம் முழுக்கக் குறுந்தொழில்காரர்கள் கதவடைப்பு நடத்திய பிறகுதான், 12 கிலோவாட்டுக்குக் குறைவான பட்டறைகளை உயர்ந்த கட்டண வகையிலிருந்து இந்த வகைக்கு மாற்ற அரசு இறங்கிவந்தது. ஓர் அரசாணையின் ஒரு வரி, ஒரு சின்னப் பட்டறைக்கு மானியத் திட்டத்தைவிட அதிகமாக மிச்சம் செய்து கொடுத்த உதாரணம் இது. இது தவிர, உற்பத்தி செய்யும் குறுந்தொழில்களுக்குத் தாழ்வழுத்த மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை 36 மாதங்களுக்குத் திருப்பித் தருகிற மானியம் ஒன்றும் மாவட்டத் தொழில் மையத்தில் உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா, எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். தாமதமானதால் தவறவிட்டவர்கள் ஏராளம்.

ஓட்டல்களுக்குப் போடுகிறீர்கள் என்றதால் கடைசியாக ஒன்று. ஓட்டல்காரர் பாக்கி வைப்பாரே, அதற்கும் அரசிடம் வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் குறுந்தொழிலின் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை விசாரிக்கச் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய நான்கு இடங்களில் வசதியாக்கக் குழுமங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குக் கோவை. சப்ளை செய்த தேதிக்கு முன்னாலேயே உத்யம் பதிவு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே உத்யம் எண்ணைப் பில் புத்தகத்தின் தலையிலேயே அச்சடித்துவிடுங்கள். புகார் கொடுத்தால் வாடிக்கை போய்விடுமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. உண்மைதான், முக்கால்வாசிப் பேர் அதனால்தான் கொடுப்பதில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராத வாங்குபவர், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய ஓட்டலின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்ததும் மார்ச் மாதத்தில் அவரே உங்கள் பாக்கியைத் தீர்க்கச் சொல்லிவிடுவார். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது இரண்டு பேர் ஆதார், பான், குடும்ப அட்டை, மெஷினுக்கு இரண்டு இடத்துக் கொட்டேஷன், மாவு அரைக்கிற இடத்தின் வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு வரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அந்த நோட்டுப் புத்தகம், இவ்வளவும் கொண்டுபோங்கள். முடிந்தால் விண்ணப்பத்தை மனைவி பெயரில் போடுங்கள். பிற்பாடு வேறு திட்டத்துக்குப் போனால் பெண்களுக்கான கைப்பணச் சலுகை உதவும். ஆனால் அப்படிப் போடுவதானால் வங்கிக் கணக்கு, உத்யம், உணவுப் பதிவு, மின் இணைப்பு எல்லாமே அவர் பெயரில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் ஒரு மாதிரியும் இனிஷியல் இருந்தால் அதைத் திருத்துவதிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஓர் இனிஷியலுக்காக மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்துபோன விண்ணப்பங்கள் என் மேசையிலேயே கிடந்திருக்கின்றன.